வெறுந்தறி

இருபத்தொரு வருசமாய் இருமுகிறேன்.
யாருக்கும் தெரியாது.
சோமனூரில் எங்கள் சந்துக்கு மட்டும் நாப்பது தறி,
ராத்திரியும் பகலும் ரெண்டு சிப்டு.
அத்தனை டக்கடிக்கு அடியில்
பஞ்சுத் தூசி இருமல் ஒரு பொருட்டா?
எனக்கே கேட்டதில்லை.

வைகாசியில் எல்லாம் நின்றது.
பாதிப் பாவில் தறிகள்,
குடோன் கதவில் பூட்டு.
முதல் ராத்திரி கைக்குழந்தைகள் வீறிட்டன.
பிறந்ததிலிருந்து கேட்டிராத ஒன்று
வீட்டுக்குள் வந்து நின்றிருந்தது.

சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய ஊர்.
சோறு போடு என்பதையே
சண்டை மாதிரிச் சொல்கிறவர்கள்.
இப்போது சுவருக்கு அந்தப் பக்கம்
துளசிமணி தோட்டைக் கழற்றுவது கேட்கிறது.
ராக்கியண்ணன் போனில்
"பத்து நாள் பொறுங்" என்பதும்,
வைத்தபிறகு
வெகுநேரம் எதுவும் பேசாமலிருப்பதும்.

யாராவது இருமினால்
பாத்திரம் தேய்க்கும் கைகள் நிற்கின்றன.
எந்த வீடு?
எந்தப் பக்கம்?
ஜன்னல்கள் ஒவ்வொன்றாய்ச் சாத்திக்கொள்ளும் சத்தம்
தெருக்கோடியிலிருந்து
என் வீடு வரைக்கும் வருகிறது.

தலையணைக்குள் இருமப் பழகினேன்.
பிறகு கம்பளிக்குள்.
பிறகு பொடக்காளிக் குழாயைத் திறந்துவிட்டு.
தண்ணி வராத நாளில்
குக்கர் விசிலுக்காகக் காத்திருந்து,
ஒரு விசிலுக்குள் மூணு இருமல்.
பருப்பு கரைந்து கூழாகிப் போனது.
திருமாத்தாள் ஒன்றும் சொல்லவில்லை.
"பத்துங்களா,
இன்னொரு விசில் விடட்டுங்களா?"
என்று மட்டும் கேட்டாள்.

அவளுக்கு வேறு வெசனம்.
மணிக்கொருதரம் காப்பித்தூள் டப்பாவைத் திறந்து முகர்வாள்.
தூள் தீர்ந்தபின்னும் முகர்ந்தாள்.
மணக்குதுங்க, என்பாள்.
டப்பா மணக்கிறதா, நினைப்பு மணக்கிறதா
நான் கேட்கவில்லை.

சந்துக்கு ஒரே ஆக்சிமீட்டர்.
மஞ்சப்பையில் வாசலுக்கு வாசல் தொங்கி வரும்.
தொண்ணூத்தேழு.
விரலை உதறி மறுபடி வைத்தேன்.
தொண்ணூத்தாறு.
பையைப் பக்கத்துக் கதவில் மாட்டிவிட்டு வந்து
அந்த ஒன்று எங்கே போயிற்றென்று
விடியும்வரை மூச்சை எண்ணினேன்.
எண்ண எண்ண
மூச்சு விடுவது எப்படி என்பதே
மறந்துபோகும்போல இருந்தது.

பதினெட்டாம் நாளோ, பத்தொன்பதோ.
ராத்திரி ரெண்டு மணி இருக்கும்.
டக்.
டக்கடி.
டக்கடி டக்கடி டக்கடி.

நாச்சிமுத்து பூட்டைத் திறந்திருக்கிறான்.
தூக்கம் வராத மனுசன்
ஒரே ஒரு தறியை ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.
நாடாவுக்குள் தார் இல்லை.
ஊடை இல்லாமல் அது
இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிறது.
துணி ஒரு இஞ்ச் வளரவில்லை.

ரோந்து வண்டி வந்து நின்றதாம், மறுநாள் சொன்னார்கள்.
"என்னத்தயா ஓட்டறே?"
"ஒண்ணுமில்லீங். வெறுந்தறிங்."
"அப்பறம் எதுக்கு?"
இவனுக்குச் சொல்லத் தெரியவில்லை.
போலீஸ்காரர் இன்ஜினை அணைத்தாராம்,
வாசல் கல்லில் உட்கார்ந்தாராம்,
உட்கார்ந்தபடியே தலை சாய்ந்துவிட்டதாம்.
உண்மையோ பொய்யோ.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.
அந்தச் சத்தம் சுவரைத் தொட்டதும்
திருமாத்தாளின் கை டப்பாவை விட்டது.
புரண்டு படுத்தாள். குறட்டை வந்தது.
நான் தலையணையைத் தள்ளிவிட்டு
எழுந்து உட்கார்ந்தேன்.
ஜன்னலை ரெண்டு கதவும் திறந்து வைத்தேன்.
அடிவயிற்றிலிருந்து,
நெஞ்சு வலிக்க,
கண்ணில் தண்ணி முட்ட,
வாய்நிறைய இருமினேன்.

பக்கத்து வீட்டிலும் யாரோ இருமுவதுபோல் இருந்தது.
எதிர் வீட்டிலும்.
தறிச் சத்தத்தில்
சரியாகக் கேட்கவில்லை.